படைப்புக்கு மறுநாள் வளவுல என்ன படம் ஓட்டலாம்? கிறுக்கு விஞ்ஞானியா, ஜெய்சங்கரா?

ஆத்தங்குடிக்கல்:
அடுத்த மாசம் எங்க பெரிய வீட்டுல படைப்பு, முன்னோருக்குப் படையல் போடுற நாள். சென்னை, கோயம்புத்தூர், மலேசியான்னு பங்காளிங்க எல்லாரும் வர்றாங்க. மறுநாள் ராத்திரி வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, வேட்டியைத் திரையாக் கட்டிப் படம் காட்டுற பொறுப்பு என் தலையில விழுந்திருக்கு. நான் எடுத்து வச்சிருக்கிறது 1965-ல வந்த 'டாக்டர் கோல்டுஃபுட் அண்ட் தி பிகினி மெஷின்'. வின்சென்ட் பிரைஸ்தான் கிறுக்கு விஞ்ஞானி. மெஷின் வச்சுப் பெண் ரோபோவா வார்த்துத் தள்ளுவார். அதுங்க போய்ப் பணக்காரங்களை மயக்கிச் சொத்தை எழுதி வாங்கிட்டு வரணும். இதைக் கண்டுபிடிக்க வர்ற உளவாளியோட நம்பர் டபுள் ஓ அரை. ஜேம்ஸ் பாண்ட் மாதிரி ஏழு இல்ல, அரை! ஒன்றரை மணி நேரம்தான் படம். என்ன சொல்றீங்க?

கோட்டையூர்க்காரன்:
வேணாம் தம்பி. மட்டமான படத்தை மட்டம்னு தெரிஞ்சே எடுத்தா அது கலையாயிடுமா? கேலிப் படம்னு பேர் வச்சுட்டா ஓட்டை உடைசல் அத்தனைக்கும் மன்னிப்புக் கிடைச்சுடுது. நாமெல்லாம் ஜெய்சங்கர் பார்த்து வளர்ந்தவங்க. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்காரங்க 1966-ல 'வல்லவன் ஒருவன்', 1970-ல 'சி.ஐ.டி. சங்கர்'னு எடுத்தாங்க. ஹாலிவுட்காரன் கிட்ட இருந்த காசு இவங்க கிட்ட ஏது? ஆனா எடுத்தவங்க யாரும் நம்மளப் பார்த்துக் கண்ணடிக்கல. இருக்கிறதை வச்சு நிஜமாவே மிரட்டப் பார்த்தாங்க. அந்த நேர்மைக்காகவே அதை ஓட்டு.

முறுக்குவடை:
அண்ணே, நீங்க அதைப் பார்த்து இப்ப சிரிக்கிறதே இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

கோட்டையூர்க்காரன்:
சிரிப்பேன்டா. அதான் சொல்றேன், நமக்கு மூலப் படமே போதும், அதுலயே சிரிப்பு இருக்கு. தனியா கேலிப் படம் எதுக்கு?

ஆத்தங்குடிக்கல்:
அண்ணே, அந்தச் சிரிப்பு வேற. அது எடுத்தவனுக்குத் தெரியாம அவன் முதுகுக்குப் பின்னாடி சிரிக்கிறது. அந்தக் காலத்துல அதை மூச்சுப் பிடிச்சுப் பார்த்தது நீங்கதான், இன்னைக்குச் சிரிக்கிறதும் நீங்கதான். கோல்டுஃபுட்ல எடுத்தவனும் நம்ம கூட உக்காந்து சிரிக்கிறான்.

ஓட்டை உடைசல்னு சொன்னீங்கள்ல, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. படத்துல ஒருத்தனைக் கட்டிப் போட்டு, மேலேருந்து ஊசல் கத்தி ஆடி ஆடி இறங்கும். 1961-ல அதே கம்பெனி அதே பிரைஸை வச்சு 'தி பிட் அண்ட் தி பெண்டுலம்'னு பேய்த்தனமா ஒரு படம் எடுத்துச்சு. அந்த ஊசலைத்தான் திரும்ப எடுத்துட்டு வந்திருக்காங்க. அன்னைக்கு ஜனம் அலறின சாமானை வச்சே நாலு வருஷத்துல அதே ஆள் தன்னையே கிண்டல் பண்ணிக்கிறார். நம்ம காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய வீட்டு நிலைக்கதவை ஊஞ்சப் பலகையா இழைச்சு விக்கிறாங்களே, அந்த மாதிரி. மரம் அதேதான், உக்காந்து ஆடுறோம், அவ்வளவுதான். அதை மட்டம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

கண்டாங்கி:
ரெண்டு பேரும் சினிமாவைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. வளவுல உக்காரப் போறது யாரு? அப்பத்தாக்கள், வயசுக்கு வந்த பிள்ளைங்க, கைக்குழந்தைங்க. தங்கக் கலர் பிகினியில ரோபோ வரிசையா நடந்து வர்றதை வேட்டியில காட்டிட்டு, நான் யார் முகத்துல முழிக்கிறது? அந்தப் படம் ஆம்பளைங்களைக் கிண்டல் பண்ணுதுன்னு சொல்வீங்க. சரி, பண்ணுது. ஆனா கேமரா என்னமோ பொம்பளையைத்தானே மேலேருந்து கீழ வரைக்கும் பார்க்குது? கிண்டலும் பண்ணிக்கலாம், ஜொள்ளும் விட்டுக்கலாம். இந்த வகைப் படத்துல இது பழைய வியாதி. 1997-ல 'ஆஸ்டின் பவர்ஸ்' வந்து ரோபோப் பொண்ணுங்களை விட்டப்பவும் அதே கதைதான்.

முறுக்குவடை:
ஆச்சி, ஆனா சொத்தை எழுதி வாங்குறதுக்குன்னே ஒரு மெஷின். பங்காளிங்க எல்லாம் கூடுற இடத்துல அதைக் காட்டினா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க 😀

கண்டாங்கி:
நம்ம ஊர்ல அதுக்கு மெஷின் எதுக்குடா? பத்து ஆளு சேர்ந்து ஒரு பங்குப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிப் பாரு, ரோபோ கண்ணீர் விட்டுரும்.

சிக்ரிப்பிள்ளை:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்கப்பா முப்பது வருஷம் சிக்ரியில வேலை பார்த்தவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1953-ல திறந்த அதே மின்வேதியியல் ஆய்வகம்தான். அதனால சினிமா விஞ்ஞானின்னு வந்தா எங்க வீட்டுல அப்பா பேச்சுதான் கடைசிப் பேச்சு. ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல, கடல் காத்துல இரும்புத் துண்டுகளைத் தொங்கவிட்டு, துரு எப்படிப் பிடிக்குதுன்னு வருஷக் கணக்கா எடை போட்டுக் குறிப்பாங்க. அதுதான் நிஜ விஞ்ஞானம். திரையில விஞ்ஞானி வந்து நெம்புகோலை இழுத்து 'ஹா ஹா'ன்னு சிரிச்சா, அப்பா எழுந்து தண்ணி குடிக்கப் போயிடுவார்.

ஆனா ஒரு படத்துக்கு மட்டும் உக்காருவார், 1973-ல வந்த 'உலகம் சுற்றும் வாலிபன்'. எம்.ஜி.ஆர் அதுல விஞ்ஞானி முருகன், மின்னலோட சக்தியைப் பிடிச்சு அடைக்கிறார். அதை அபகரிக்கிற கெட்ட விஞ்ஞானி அசோகன். அண்ணன் விஞ்ஞானி, தம்பி துப்பறியும் அதிகாரி, ரெண்டும் எம்.ஜி.ஆரே. அப்பாவுக்கு பேட்டரிதான் தொழிலே. மின்னலை அடைக்கிற காட்சி வந்ததும் பேப்பர் எடுத்துக் கணக்குப் போடுவார். ஒரு மின்னல்ல சுமாரா 100 கோடி ஜூல், அதாவது 280 யூனிட். "இதுக்குத்தான் உலகத்தைச் சுத்துறானுங்க, நம்ம வீட்டு ரெண்டு மாச கரண்ட் பில்லுடா இது"ம்பார்.

என் கேள்வி இதுதான். அந்தப் படம் சீரியஸா, கேலியா? அவர் ரசிச்சுத்தான் பார்த்தார்.

கோட்டையூர்க்காரன்:
அப்படிக் கேளுங்க! எம்.ஜி.ஆர் மின்னலைப் பிடிச்சா பிடிச்சதுதான். அங்க கேலிக்கு இடமே இல்ல. நம்ம ஆளுங்க கேலியையும் சீரியஸையும் கலந்தா என்ன ஆகும்னு 1986-ல பார்த்தாச்சு. சுஜாதா கதை, கமல், 'விக்ரம்'. அக்னிபுத்ரா ஏவுகணையைக் கடத்துற வரைக்கும் நகம் கடிச்சுட்டு உக்காந்திருந்தோம். அப்புறம் சலாமியான்னு ஒரு கற்பனை தேசம். எலிக்குக் கோயில், அம்ஜத் கான் ராஜா, ஜனகராஜ் மொழிபெயர்ப்பாளர். ஏவுகணை எங்கடான்னு நான் தேடிட்டிருக்கேன், படம் பாட்டுக்குக் கூத்தடிச்சுட்டு இருக்கு. முதல் பாதிக்கு இருந்த பயம் எல்லாம் கரைஞ்சு போச்சு.

ஆத்தங்குடிக்கல்:
அண்ணே, இதுல நான் உங்க கட்சி. ஆனா நீங்க சொன்னதே எனக்குத்தான் சாதகம். சலாமியாவுல கூத்து இருக்கிறது குத்தம் இல்ல. முதல் பாதியில அது கேலிப் படம்னு நம்மகிட்ட யாரும் சொல்லல, பாதி வழியில தடம் மாறினதுதான் குத்தம். கோல்டுஃபுட்ல டைட்டில் ஓடுறப்பவே களிமண் பொம்மை நெளிஞ்சு வரும். சுப்ரீம்ஸ்னு ஒரு அமெரிக்கப் பாட்டுக் குழு பாடுவாங்க. முதல் நிமிஷத்துலயே செருப்பைக் கழட்டிட்டு உள்ள வான்னு சொல்லிடுறான்.

இன்னொண்ணு. கேலிப் படத்துல சிரிக்கக் கூடாத ஆள் ஒருத்தன் கண்டிப்பா வேணும். 1965-லயே அமெரிக்க டிவியில 'கெட் ஸ்மார்ட்'னு உளவாளிக் கேலித் தொடர் தொடங்கிடுச்சு. அதுல ஹைமின்னு ஒரு ரோபோ உளவாளி. சொன்னதை அப்படியே செய்யும். விளக்கை அணைன்னு அவங்க பாஷையில சொன்னா, 'விளக்கைக் கொல்லு'ன்னு எடுத்துக்கிட்டுத் துப்பாக்கியால சுடும். முகத்துல ஒரு கோடு அசையாது. நம்ம 2010 'எந்திரன்'ல டிவியைப் போடுன்னா சிட்டி தூக்கிக் கீழ போடுதே, அதே ரகம். ரஜினி அங்க ஸ்டைல் காட்டியிருந்தா சிரிப்பே வந்திருக்காது.

கோட்டையூர்க்காரன்:
சரி, அப்ப 1967 'கசினோ ராயல்' எப்படி? அஞ்சு இயக்குநர் பேர் போட்டாங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஜேம்ஸ் பாண்ட். கடைசியில பார்த்தா வில்லன் பாண்டோட அண்ணன் தம்பி பிள்ளை உடி ஆலன். நாலரை அடிக்கு மேல உயரமான ஆம்பளைங்களை எல்லாம் ஒழிக்கணுமாம். முதல் காட்சியிலயே கேலின்னு சொல்லிட்டாங்க, உன் விதிப்படி எல்லாம் சரி. பார்க்க முடியுதா? எனக்கு ரெண்டு தடவை தூக்கம் வந்துச்சு.

ஆத்தங்குடிக்கல்:
எனக்கும்தான். அங்க எல்லாருமே சிரிப்புக் காட்டுறான், மிரளுறதுக்கு ஆளே இல்ல. காசு கூடிப் போச்சு, ஆளும் கூடிப் போச்சு. இதுல உங்களுக்கு ஒரு மார்க்.

கண்டாங்கி:
மார்க் போட்டுக்கிட்டே இருங்க. என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

ஆத்தங்குடிக்கல்:
ஆச்சி, அதுக்குத்தான் நேத்து ராத்திரி ஒரு வேலை பண்ணேன். ப்ரொஜெக்டர் சரியா வருதான்னு பார்க்க, முதல் இருபது நிமிஷத்தை ஓட்டிப் பார்த்தேன். வேட்டியில பாதி, பின்னாடி பட்டாலைத் தூண்ல பாதின்னு படம் விழுந்துச்சு. பெல்ஜியம் கண்ணாடியில வின்சென்ட் பிரைஸ் இடம் வலம் மாறி நின்னார். மாடத்துல இருந்த புறா எல்லாம் எழுந்து ஒரு சுத்து சுத்திட்டு உக்காந்துச்சு. அப்பத்தா தூக்கம் வராம வந்து தூண்ல சாஞ்சு உக்காந்துட்டாங்க. எனக்கு வேர்த்துப் போச்சு.

ஒரு காட்சி வரும். ரோபோப் பொண்ணு மேல குண்டு பாய்ஞ்சிருக்கும், அதுக்கு உறைக்கவே உறைக்காது. அப்புறம் உக்காந்து பால் குடிக்கும். குடிச்ச பால் குண்டு பட்ட ஓட்டை வழியா பீச்சி அடிக்கும். அந்தப் பொண்ணு ஒண்ணுமே நடக்காத மாதிரி குடிச்சுட்டே இருக்கும். அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. பார்த்துட்டு, "ஓட்டையை அடைக்காத பாத்திரம் போல. இவளுக்குப் போய்ப் பாலை ஊத்துறானே பாவி"ன்னாங்க. அப்புறம் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிச்சாங்க. உடுப்பைப் பத்திக் கேட்டேன். "பொம்மைக்கு என்னடா உடுப்பு"ன்னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டாங்க.

கண்டாங்கி:
அப்பத்தா சொல்லிட்டாங்கன்னா அந்த வீட்டுக்கு அது சரி. நான் சொன்னது மாறல. பிள்ளைங்க நாளைக்கு ஏன்னு கேட்டா, அந்தக் காலத்துல ஆம்பளைங்க பொம்பளையை எப்படிப் பார்த்தாங்கன்னு நான் எடுத்துச் சொல்லுவேன். அப்ப யாரும் நடுவுல வந்து வாயை மூடச் சொல்லக் கூடாது.

சிக்ரிப்பிள்ளை:
ஆச்சி பேசுறப்ப வால்யூமை நான் குறைக்கிறேன்.

கோட்டையூர்க்காரன்:
பால் காட்சிக்கு மட்டும் நான் வர்றேன். ஆனா அது முடிஞ்ச கையோட 'வல்லவன் ஒருவன்' ஓடணும். அதுக்கு ஒருத்தனும் முதுகுக்குப் பின்னாடி சிரிக்கப்படாது.

முறுக்குவடை:
முன்னாடி நின்னு சிரிக்கலாமாண்ணே?

ஆத்தங்குடிக்கல்:
ரெண்டும் ஓட்டினா விடிஞ்சுடும்ணே.

கோட்டையூர்க்காரன்:
விடியட்டும். காலையில வெள்ளைப் பணியாரம் உங்க வீட்டுலதானே?