எனக்குக் காய்ச்சல், சளி: ஒன்பது நாள் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா?

தேற்றாத்தீவு மகள் கேட்கிறார்:

முதல் பிள்ளை, பெண். சத்திரசிகிச்சையில் பிறந்து இன்றோடு ஒன்பது நாள். பிறக்கும்போது 2.9 கிலோ. நேற்றுக் காலை குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன இரவே எனக்குக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. மூக்கும் ஒழுகுகிறது.

காரணம் என் அக்காவின் மகன்தான் என்று நினைக்கிறேன். மூன்று வயது. முன்பள்ளியிலிருந்து சளியோடு வந்து, தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து, யாரும் தடுப்பதற்குள் கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்துவிட்டான். இப்போது வீடு முழுக்கத் தும்மல்.

"காய்ச்சல்காரியின் பால் பிள்ளைக்கு ஆகாது, இரண்டு நாளைக்கு நிறுத்து" என்கிறார் அம்மா. அம்மம்மாவும் அவர் பக்கம். என் கணவர் அதைக் கேட்டுவிட்டுக் களுவாஞ்சிகுடிக்குப் போய் ஒரு பேணி பால்மா வாங்கி வந்துவிட்டார். பேணி அலுமாரிக்கு மேல் இருக்கிறது, இன்னும் உடைக்கவில்லை. நான் அதைப் பார்ப்பதும் பிள்ளையைப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முதல் இரண்டு நாளும் மஞ்சளாக, பசைபோல வந்த பாலை அம்மா "பழம்பால், சீழ் மாதிரி இருக்கிறது" என்று சொன்னார். தாதி பார்க்கும்போது பிள்ளைக்குக் கொடுத்தேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அம்மா துணியில் பிழிந்து துடைத்துவிட்டார். பிள்ளைக்கு வரவேண்டிய எதிர்ப்புச் சக்தி அந்தத் துணியோடு போய்விட்டதா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரவில் இதை நினைத்தால் நித்திரை வருவதில்லை.

மண்டூர் அப்பா:

தங்கச்சி, இவ்வளவு பயம் தேவையில்லை. என் மகன் மூன்றாம் மாதத்திலிருந்து முழுக்கப் பால்மாவில் வளர்ந்தவன். இன்று அவன் எறிகிற பந்தை என்னால் பிடிக்க முடிவதில்லை. காய்ச்சல் விடும்வரை இரண்டு நாள் பேணிப்பால் கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது.

ஓய்வுபெற்ற மருத்துவிச்சி, திருக்கோவில்:

மண்டூர்த் தம்பியின் மகன் நன்றாக இருக்கட்டும். பால்மாவில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் நோயாளிகள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிறந்து ஒன்பதாம் நாளில் "இரண்டு நாள்" என்று நிறுத்தினால் அது இரண்டு நாளோடு நிற்காது. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். உறிஞ்சாத மார்பு கட்டும், பிறகு வற்றும். அப்புறம் "இவளுக்குப் பால் இல்லை" என்று ஊர் சொல்லும். முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிளில் வீடு வீடாகப் போனவள் நான், இந்தக் கதையின் முடிவை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

மகள், பிள்ளைக்கு முன்னால் உன்னைப் பற்றிப் பேச வேண்டும். வயிற்றில் தையலோடு ஒன்பதாம் நாளில் வரும் காய்ச்சலைச் சளிக்காய்ச்சல் என்று நீயே முடிவுகட்டாதே. அக்காவின் மகன் முத்தம் கொடுத்ததால்தான் என்று அவன்மேல் பழியைப் போட்டுவிட்டு, தையல் பழுத்திருப்பதைப் பார்க்காமல் விட்டவர்களும் உண்டு. தையல் சிவந்திருக்கிறதா, நீர் வடிகிறதா? மார்பில் ஓர் இடம் கல்லாகி, தொட்டால் சுடுகிறதா? அடிவயிறு நோகிறதா, உதிரப்போக்கில் துர்நாற்றம் உண்டா? இவற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இன்றே வைத்தியசாலைக்குப் போய்க் காட்டு. பால் கொடுக்கிறேன் என்று வைத்தியரிடம் சொல், அதற்கேற்ற மருந்தை அவர் தருவார். பரசிட்டமோல் குடித்துவிட்டுப் பால் கொடுக்கலாம். மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்திருந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்காவிட்டால் கட்டு கூடும்.

பிள்ளையின் உடம்பு சுட்டாலோ, வழமைக்கு மாறாகக் குளிர்ந்தாலோ, முலையைப் பிடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமாக இழுத்தாலோ கைமருந்து எதுவும் வேண்டாம். நடு இரவாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடு.

இனி உன் கேள்வி. பால் கொடு. சளிக்கிருமி பால் வழியாகப் போவதில்லை, தும்மலிலும் இருமலிலும் கையிலும் போகிறது. பொடியன் முத்தம் கொடுத்த அன்றே அது பிள்ளையைச் சந்தித்திருக்கும். உனக்குக் காய்ச்சல் தெரிவதற்கு முன்பே உன் மூச்சிலும் இருந்திருக்கும். இப்போது பாலை நிறுத்தினால் கிருமி பிள்ளையிடம் இருக்கும், அதற்கான மருந்து மட்டும் உன்னிடமே நின்றுவிடும்.

மருந்து என்று சும்மா சொல்லவில்லை. உன் குடலிலும் சுவாசக் குழாயிலும் கிருமியைச் சந்தித்த காவல் அணுக்களில் ஒரு பகுதி இரத்தத்தில் ஏறி மார்புக்கு வருகின்றன. அங்கிருந்து அந்தக் கிருமிக்கென்றே பிறபொருளெதிரியைச் செய்து பாலில் விடுகின்றன. இம்யூனோகுளோபியூலின் ஏ என்பார்கள். அது எளிதில் செரித்துப்போவதில்லை. பிள்ளையின் தொண்டையிலும் குடலிலும் பூச்சுப்போலப் படிந்து, கிருமி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். நீ இதுவரை பட்ட நோய்களுக்கான வேறொரு வகைப் பிறபொருளெதிரி வயிற்றில் இருக்கும்போதே நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்விட்டது. பால் வழியாகப் போவது இன்றைய கிருமிக்கு. பிள்ளையின் சொந்த மதில் எழும்பும்வரை அதுதான் கிடுகு வேலி. எந்தப் பேணியிலும் உன் வீட்டுச் சளிக்கான எதிரியை அடைத்து விற்க முடியாது.

அந்த மஞ்சள் பால் சீழும் அல்ல, பழம்பாலும் அல்ல. மஞ்சள் நிறம் கரோட்டினால் வருவது, பப்பாசிப்பழத்தில் இருப்பதுதான். பிறபொருளெதிரி மிகச் செறிவாக இருப்பது அந்த முதற்பாலில். துணியில் போனது இழப்புத்தான், இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தாதி நின்றபோது கொடுத்தாயே, அது பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு வரும் பாலில் செறிவு குறைந்தாலும் அளவு கூடுவதால், நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிராம் முதல் ஒரு கிராம் வரை பிறபொருளெதிரி தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். கதவு மூடவில்லை, மகள்.

எனக்கு எப்போதும் வியப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பாலில் பிள்ளையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரை நிறைய இருக்கிறது. செரிக்காததை ஏன் கொடுப்பானேன்? அது பிள்ளைக்கு அல்ல, பிள்ளையின் குடலில் குடியேறும் நல்ல பக்டீரியாக்களுக்கான சாப்பாடு. அவை பெருகி இடத்தைப் பிடித்துக்கொண்டால் வயிற்றோட்டக் கிருமிக்கு இடம் இருக்காது. லக்டோஃபெரின் என்ற புரதம் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமி பட்டினி கிடக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் கிணறுகள் எல்லாம் உப்பாகிக் கிடந்தன. முகாமுக்கு வந்த நிவாரணத்தில் பால்மாப் பேணிகளும் இருந்தன. கரைக்க நல்ல தண்ணீர் இல்லை, போத்தலை அவிக்க விறகு இல்லை. பயத்தில் பால் நின்றுவிட்டது என்று அழுத தாய்மாரைப் பாய் விரித்து உட்காரவைத்து, பிள்ளையைத் திரும்பத் திரும்ப மார்பில் போடச் சொன்னேன். சிலருக்குச் சில நாள் எடுத்தது. பால் வந்தது. அதனால்தான் பேணியைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது, மண்டூர்த் தம்பி குறை நினைக்க வேண்டாம்.

சவர்க்காரம் போட்டுக் கை கழுவு, மாஸ்க் போட்டுக்கொண்டு கொடு. பொடியனைக் கொஞ்ச நாள் வாசலோடு நிறுத்து. இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகளையும் தவறவிடாதே. குக்கலுக்கும் ஏற்புவலிக்கும் பாலை நம்பி இருக்க முடியாது.

அக்கரைப்பற்று உம்மா:

மருத்துவிச்சி அம்மா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல? தண்ணீர் விசயம் மட்டும். என் மூத்தவன் பிறந்தது கச்சான் காற்று அடிக்கும் காலத்தில். ஓலை கருகுகிற வெக்கை. "பிள்ளைக்குத் தொண்டை வறளும்" என்று மாமி கற்கண்டுத் தண்ணீர் பருக்கினார். எனக்கு வாய் திறந்து மறுக்கத் தெரியாத வயது. ஒரு கிழமையில் வயிற்றோட்டம், பிறகு வார்டில் நான்கு நாள். அங்கே ஒரு டாக்டர்தான், தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீரே இருக்கிறது, ஆறு மாதம்வரை வேறு தண்ணீர் வேண்டாம் என்று மாமிக்கு விளங்கப்படுத்தினார். இரண்டாவது பிள்ளைக்கு மாமியே காவல் நின்றார். கரண்டியோடு வந்த பக்கத்து வீட்டுக்காரியைத் திருப்பி அனுப்பியதும் அவர்தான்.

உங்கள் அம்மாவிடம் சண்டை பிடிக்காதீர்கள். டாக்டர் சொல்லும்போது அவரைப் பக்கத்தில் நிற்கவையுங்கள்.

தேற்றாத்தீவு மகள்:

அன்றே போனேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. சளியும் இருந்தது, தையலின் ஓர் ஓரத்தில் பழுப்பும் இருந்தது. குனிந்து பார்க்க முடியாததால் எனக்குத் தெரியவில்லை. பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மாத்திரை தந்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளைக்கு இரண்டு நாள் மூக்கடைப்பு இருந்தது, அவ்வளவுதான். பதினான்காம் நாள் நிறுத்தபோது மூன்று கிலோவைத் தாண்டிவிட்டாள்.

மருத்துவிச்சி அம்மா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பப்பாசிப்பழம் என்ற இடத்தில் என்னை நிறுத்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் பால்சுறா வாங்கி வறை வைத்தார்.

பேணியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அம்மம்மா அதை உடைத்துத் தேத்தண்ணீருக்குப் போடுகிறார். இவ்வளவு விலை கொடுத்தும் சாயம் பிடிக்கவில்லை என்று தினமும் குறை சொல்கிறார்.