மறு: குரோயிங் ராடு – வளர்தண்டா, நீட்டுகோலா?

> வளர்தண்டு என்றே வைத்துக்கொள்ளலாமே. சொல்லவும் எளிது.

ஐயா, எளிதுதான். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் சிறுபிள்ளைகளின் முதுகில் பொருத்தி, அவ்வப்போது நீட்டும் உலோகக் கம்பிக்குத்தானே (growing rod) தமிழ்ப்பெயர் தேடுகிறோம்? அதற்கு ‘வளர்தண்டு’ இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலில் தண்டு. பக்கத்திலேயே தண்டுவடம் இருக்கிறது. இந்தக் கம்பிகள் முறிவது அபூர்வமும் அல்ல. “தண்டு முறிந்துவிட்டது” என்று மருத்துவர் சொன்னால் பெற்றவர்கள் பாடு என்ன ஆகும்?

அப்புறம், வளர். அந்த உலோகம் எங்கே வளர்கிறது? பத்து வயதுக்குள் தொடங்கும் கடுமையான பக்கவளைவில் (ஸ்கோலியோசிஸ்), முள்ளெலும்புகளை ஒன்றாக இணைத்துவிட்டால் முதுகின் வளர்ச்சி அங்கேயே நின்றுபோகும். மார்புக்கூடு குறுகி நுரையீரலுக்கு இடமிருக்காது. அதனால் வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மட்டும் திருகாணியோ கொக்கியோ பதித்து, நடுவில் இணைப்பான் உள்ள கம்பிகளை மாட்டுகிறார்கள். சுமார் 6 மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, முதுகில் சிறிதாகக் கீறி, இணைப்பானின் திருகைத் தளர்த்தி, கம்பியைக் கொஞ்சம் நீட்டி மறுபடி இறுக்குவார்கள். ‘வளர்தண்டு’ என்று படிக்கும் ஒரு தாய், ஒருமுறை வைத்தால் போதும், பிள்ளையோடு தானும் வளரும் என்றுதான் எடுத்துக்கொள்வார். அடுத்தடுத்த அறுவைகளை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

நீள் தன்வினை, நீட்டு பிறவினை. நீட்ட ஒருவர் வேண்டும் என்பது நீட்டுகோலில் தெரிகிறது. பேச்சில் எல்லாரும் கம்பி என்கிறார்கள், ஆகவே ‘நீட்டுகம்பி’ என்றாலும் எனக்குச் சம்மதமே.

> வினைத்தொகையாக்கினால், கோல் வேறு எதையோ நீட்டுகிறது என்று பொருள் வராதா?

வரட்டுமே. திருகாணியில் ஆணி திருகப்படுகிறது. சுடுகலனில் கலனே சுடுகிறது. இரண்டும் தமிழில் செல்லும். இங்கே கோலும் நீட்டப்படுகிறது, அது முதுகையும் நீட்டுகிறது. போன முறை நீட்டியது, இப்போது நீட்டுவது, இனி நீட்டப்போவது என மூன்று காலமும் காட்டும் தொகை வேறெங்கே இவ்வளவு பொருந்தும்!

அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்ற வகையில் கம்பிக்குள் காந்தம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு கருவியை முதுகின் மேல் வைத்து இயக்கினால் காந்தம் சுழன்று கம்பி நீளும். ஒவ்வொரு முறையும் கீற வேண்டியதில்லை. இதற்குக் ‘காந்த நீட்டுகோல்’. சண்டையே வராது என்று நினைக்கிறேன்.

இந்த உரையாடலின் நடுவில் ஒருவர் ‘கூன் அறுவை’ என்று எழுதியிருந்தார். கூன் முன்பக்கம் குனியும் வளைவு. நாம் பேசும் முதுகோ பக்கவாட்டில் வளைவதோடு திருகவும் செய்கிறது. பக்கவளைவு என்றே வைத்துக்கொள்வோம்.

சிக்கல் ஷில்லா முறையில்தான். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில அறுவை மருத்துவர் ரிச்சர்ட் மெக்கார்த்தி வகுத்தது. வளைவின் உச்சியில் மட்டும் முள்ளெலும்புகளை இணைத்துவிட்டு, மேலும் கீழும் திருகாணித் தலைகளைக் கம்பியின் மீது வழுக்கும்படி விடுகிறார்கள். முதுகு தானாக வளரும், கம்பி திசை காட்டும். நீட்டுவார் யாரும் இல்லை, ஆகவே நீட்டுகோல் பொருந்தாது. ‘நழுவுகோல்’ என்றால் ஏதோ கழன்றுவிட்ட மாதிரி கிலி தருகிறது. ‘வழிகோல்’ எப்படி? வழிகோலுதல் என்ற வினை ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பது அதற்குப் பலமா, குழப்பமா? மருத்துவர்கள் சொல்லட்டும்.