புதுப்பிப்பு: சிந்தனை உரையில் இலக்கணச் சொற்களை நீக்கியதும் விடை தப்பியது (சரியாகிவிட்டது)

போன வாரம் கேட்டிருந்தேன்: ஈரோட்டு மஞ்சள் மண்டிக் கணக்கை மொழி மாதிரியிடம் (கேள்விக்கு எழுத்தில் பதில் தரும் கணினி நிரல்) கொடுக்கிறேன். விடைக்கு முன் அது படிப்படியாக யோசித்து எழுதும் சிந்தனை உரை நீளம் என்று 'விட, ஆனால், என்று' போன்ற சொற்களைப் பட்டியல் போட்டு நீக்கி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் விடை தாறுமாறாகிறது, ஏன்? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

பலித்தது கோபி அக்கா சொன்ன வழி. வெட்டிய வரியை நீங்களே ஒருமுறை வாசியுங்கள் என்றார். கிழங்கும் விரலியும் மஞ்சளில் இரண்டு ரகம்; 'கிழங்கை விட விரலிக்கு விலை கூட' என்பது 'கிழங்கை விரலிக்கு விலை கூட' என்று நின்றது. எனக்கே புரியவில்லை, மாதிரி என்ன செய்யும்! பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, திரும்பத் திரும்ப வரும் முழு வாக்கியங்களை மட்டும் நீக்கினேன். நீளம் முன்போல அவ்வளவு குறையவில்லை, ஆனால் விலை ஒப்பீடு சரியாக வருகிறது.

பொள்ளாச்சி அண்ணன் சொன்னது, உரையில் இலக்கணச் சொற்கள் எத்தனை என்று எண்ண உதவியது. ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக நிற்கும் பல, தமிழில் கு, இல் என்று சொல்லோடு ஒட்டிவிடும். தொல்காப்பியமே இவற்றை இடைச்சொல்லில் (தனித்து நிற்காமல் வேறு சொல்லைச் சார்ந்து வருவது) சேர்க்கிறது. அதனால் 'விரலிக்கு' என்பதை விரலி, கு என்று பிரித்த பிறகுதான் எண்ண வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று: 'ஆனால்', 'அப்படியென்றால்' இரண்டையும் வெறும் ஒட்டு என்று நினைத்திருந்தேன். மாதிரி தன் தப்பைத் திருத்திக்கொண்ட இடங்களைத் தேடினால், பெரும்பாலும் அந்தச் சொற்களில்தான் வரி திரும்புகிறது.

'மேல்' மட்டும் இன்னும் இழுபறி. 'மூட்டை மேல்' என்றால் இடம், '10 சதவீதத்துக்கு மேல்' என்றால் அளவு; இரண்டையும் இப்போதைக்குக் கையால் பிரிக்கிறேன்.