புதுப்பிப்பு: வீட்டு வேலைக்கான, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேண்ட், இரண்டு திருத்தங்கள்

போன பதிவின் அளவில் பேண்ட் தைத்தவர்கள் இரண்டு குறை சொல்லியிருந்தீர்கள்: நாற்காலியில் உட்கார்ந்தால் பின்னிடுப்பு இறங்குகிறது, துவைத்தால் எலாஸ்டிக் முறுக்கிக்கொள்கிறது.

முதல் குறைக்கு எலாஸ்டிக்கை இறுக்குவது வேண்டாத வேலை, வயிற்றில் தடம்தான் விழும். உட்காரும்போது பின்பக்கத்துக்கு நீளம் கூடுதலாக வேண்டும். அது இல்லாவிட்டால் துணி இடுப்பைத்தான் கீழே இழுக்கும். பின்பக்கக் காகித மாதிரியை சீட் உயரத்தில், அதாவது பின்பக்கம் அகலமாக இருக்கும் இடத்தில், குறுக்கே வெட்டுங்கள். பக்கத் தையல் முனை மட்டும் ஒட்டியே இருக்கட்டும். நடுத் தையல் பக்கம் 1½ அங்குலம் விரித்து, அடியில் தாள் ஒட்டி, கவட்டை வளைவைப் புதிதாக வரைந்துகொள்ளுங்கள். முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

எலாஸ்டிக் முறுக்குவதற்குக் காரணம், அது நுழையும் பட்டி அகலமாக இருப்பதுதான். 1¼ அங்குல எலாஸ்டிக்குக்கு உள்ளகலம் 1⅜ போதும். நுழைத்ததும் சுருக்கத்தைச் சமமாகப் பரப்பி, பக்கத் தையல் இரண்டிலும் பின்நடுவிலும் நெட்டுக்குத்தாக ஒரு தையல் போட்டுவிடுங்கள். அப்புறம் புரளாது.

துணி பற்றியும் கேட்டீர்கள். 44 அங்குல அகலம் என்றால் நடுத்தர உயரத்துக்கு 2½ மீட்டர். திருநெல்வேலிச் சித்திரை வெயிலுக்கு வீரவநல்லூர் கைத்தறிப் பருத்தியைத்தான் சொல்வேன். ஆனால் தண்ணீர் பட்டால் சுருங்கும். வெட்டுவதற்கு முன்பே இரவு முழுக்க ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். நெசவு தளர்வாக இருந்தால் ஓரம் பிரியும், அதனால் தையலுக்கு ¾ அங்குலம் விட்டு மடித்துத் தையுங்கள். கவட்டை வளைவில் மட்டும் சின்னத் தையலாக இரண்டு வரிசை ஓட்டுங்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முதலில் விடுவது அந்த இடம்தான்.