ஆர்கேட் பெட்டிக்கு மாற்றி மாற்றிப் போடுகிற கொன்ட்ரோல் பெனல்: 37 பின்னா, யூஎஸ்பியா?

வாவிக்கரை (கல்லடி)

வீட்டில் ஒரு ஆர்கேட் பெட்டி (கடைகளில் காசு போட்டு நின்று விளையாடும் வீடியோ கேம் பெட்டி) செய்துகொண்டிருக்கிறேன். உள்ளே பழைய டெஸ்க்டொப், அதில் மேம் (பழைய ஆர்கேட் கேம்களை ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறது. ஸ்கிரீன், ஸ்பீக்கர் வேலை முடிந்தது. ஸ்டிக்கும் பட்டனும் பூட்டும் கொன்ட்ரோல் பெனலில் வந்து நிற்கிறேன்.

மகனும் மருமகனும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தவிர வேறொன்றையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்கு ஆளுக்கு ஆறு பட்டன் வேண்டும். எனக்குப் பாக்-மேன். நாலு திசை ஸ்டிக் இருந்தால் போதும், விளையாட்டுக்குப் பட்டனே தேவையில்லை. அப்புறம் மிசைல் கமாண்ட், அதற்குக் கையால் உருட்டுகிற பந்து, ட்ராக்போல். எல்லாவற்றுக்கும் ஒரே பலகையில் துளை போட்டால் கை வைக்க இடமிராது. ஆகவே மூன்று பெனல், வேண்டியதை மாட்டிக்கொள்வது என்று முடிவு.

கணக்குப் பார்த்தேன். ஸ்டிக்குக்கு 4, பட்டன் 6, ஸ்டார்ட் 1, கொயின் 1. ஆளுக்கு 12, இரண்டு பேருக்கு 24. எல்லாச் சுவிச்சின் மறுமுனையும் சேர்கிற பொதுக் கிரவுண்ட் ஒன்று. 25 பின் கனெக்டரில் அச்சொட்டாக அடங்குகிறது, மிச்சம் ஒன்றுமில்லை. அதனால் 37 பின் வாங்கலாம் என்று யோசனை. பட்டன் அமுக்கத்தைக் கொம்பியூட்டருக்குச் சொல்லும் என்கோடர் போர்ட் பெட்டிக்குள் இருக்கும், பெனலில் சுவிச்சும் வயரும் மட்டும்.

நெட்வேர்க் கேபிள் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன, அந்த வயர் தாங்குமா? கொம்பியூட்டர் ஓடும்போதே பெனலைக் கழற்றினால் ஏதும் எரியுமா?

களுவாஞ்சிக்குடிப் பொடியன்

அண்ணன், 37 பின்தான் என் தெரிவும். போர்ட் ஒன்று வாங்கினால் மூன்று பெனலுக்கும் காணும். மிஞ்சுகிற பின்னில் மூன்றை ஒதுக்கி, ஒவ்வொரு பெனலிலும் வேறு வேறு மாதிரி கிரவுண்டோடு இணைத்துவிடுங்கள். எந்தப் பெனல் மாட்டியிருக்கிறது என்று போர்டே கண்டுபிடித்து பட்டன் அமைப்பை மாற்றும்படி புரோகிராம் எழுதலாம். மூன்று பின்னில் எட்டு நிலை; எல்லாம் திறந்திருந்தால் பெனல் இல்லை என்று வைத்தாலும் ஏழு பெனல் வரை போகலாம்.

வயர் தாராளமாகத் தாங்கும். சுவிச் சிக்னலில் ஓடுகிற கரண்ட் ஒன்றுமே இல்லை.

சம்மாந்துறை சோல்டர்

தம்பி சொன்ன 37 பின் யோசனை நல்லதுதான். ஆனால் வீடு கல்லடியில் என்கிறாரே, அதைக் கவனித்தீர்களா?

கடற்கரைப் பக்கத்து வீட்டு ரிவியோ ரேடியோவோ திருத்த வந்தால், மூடியைத் திறந்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும். கனெக்டர் கால்களில் பச்சை பூத்திருக்கும், ஸ்குரூ தலை கரைந்து சொறி பிடித்திருக்கும். அந்த உப்புக் காற்றில் 37 தொடுமுனையை அடிக்கடி கழற்றி மாட்டப் போகிறீர்கள். மலிவான கனெக்டரில் தங்கப் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும். ஒரு பின் முரண்டு பிடித்தால் ஒரு பட்டன் மட்டும் சில நேரம் அடிக்கும், சில நேரம் அடிக்காது. பொடியன்கள் பட்டனைக் குறை சொல்வார்கள், நீங்கள் பட்டனை மாற்றுவீர்கள், குறை அங்கே இராது. கிரவுண்ட் பின் போனால் பெனல் முழுக்கச் செத்த மாதிரி. இல்லை, 37 பின்தான் வேண்டும் என்றால் கிரவுண்டுக்காவது நாலைந்து பின் ஒதுக்குங்கள்.

நான் செய்வதென்றால் போர்டைப் பெனலுக்குள்ளேயே வைப்பேன். ஆளுக்கொரு ராஸ்பெரி பை பிகோ, புரோகிராம் ஏற்றக்கூடிய சின்னப் போர்ட். அதில் பாவிக்கக்கூடிய பின் 26, உங்களுக்குத் தேவை 12. ஜீபீ2040-சீஈ என்ற இலவச ஃபேர்ம்வெயரை (போர்டை இயக்கும் புரோகிராமை) ஏற்றினால் வேலை முடிந்தது. இரண்டு பிகோவையும் ஒரு சின்ன யூஎஸ்பி ஹப்பில் கொடுங்கள். பெட்டிக்குப் போவது ஒரே கேபிள், நாலு தொடுமுனை. பச்சை பிடித்தாலும் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்.

பிகோவின் மைக்ரோ யூஎஸ்பி வாயை வெளியே நீட்டி வைக்காதீர்கள். இழுபட்டால் போர்டோடு பெயர்ந்து வரும். பெனல் அடியில் பிரின்டர்களில் வருகிற சதுர வாய் சொக்கெட்டை ஸ்குரூ போட்டு இறுக்கி, உள்ளே அதை ஹப்போடு இணையுங்கள். பழைய பிரின்டர் கேபிள் இல்லாத வீடு ஏது?

ஓடும்போது கழற்றுவது: யூஎஸ்பியை அதற்கென்றே செய்திருக்கிறார்கள். பவர், கிரவுண்ட் முனைகள் மற்ற இரண்டையும் விட நீளம், அவை முதலில் தொடும். 37 பின்னில் அந்த ஏற்பாடு இல்லை. வெறும் சுவிச் என்றால் பயமில்லை, ஆனால் ட்ராக்போலுக்கு 5 வோல்ட் அதில் அனுப்பினால் நிறுத்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பெட்டிப் பக்கம் பெண் கனெக்டராக இருக்கட்டும், 5 வோல்ட் பின் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

நெட்வேர்க் கேபிள் கரண்டைத் தாங்கும், ஆட்டத்தைத் தாங்காது. சுவரில் ஓடுகிற வகையில் ஒவ்வொன்றும் ஒற்றைக் கம்பி; வளைத்து வளைத்து எடுத்தால் முறியும். பெனலுக்குள் அசையாமல் கட்டி வைக்கப் பாவியுங்கள். அசைகிற இடத்துக்குப் பல இழை வயர்.

வாவிக்கரை (கல்லடி)

நன்றி காக்கா. உப்பைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பிகோ விலையைப் பார்த்தால் 37 பின் கனெக்டர் சோடிகளோடு பெரிய வித்தியாசமும் இல்லை. ஒரு சந்தேகம். பெனலைக் கழற்றி மாட்டும்போது முதல் ஆளும் இரண்டாம் ஆளும் இடம் மாறிவிடாதா? யூஎஸ்பி ஜோய்ஸ்டிக்கில் அப்படி வரும் என்று கேள்விப்பட்டேன்.

சம்மாந்துறை சோல்டர்

வரும். அதனால்தான் ஜோய்ஸ்டிக்காக வைக்காமல் இரண்டையும் கீபோர்ட் மோடில் வையுங்கள். முதல் பிகோவுக்கு ஒரு கூட்டம் எழுத்து, இரண்டாவதற்கு வேறு கூட்டம். மேம் எல்லாக் கீபோர்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும், எது முதலில் மாட்டப்பட்டது என்பது அதற்குத் தேவையில்லை. பாக்-மேன் பெனலுக்கும் முதல் ஆளின் எழுத்துகளையே கொடுத்தால் எந்த அமைப்பையும் தொட வேண்டாம்.

ட்ராக்போலை யூஎஸ்பி வகையாக வாங்குங்கள், அது மௌஸ் மாதிரித்தான் தெரியும். மேம் அமைப்புக் கோப்பில் மௌஸ் என்பதற்கு நேரே 1 போட வேண்டும். போடாவிட்டால் பந்தை எவ்வளவு உருட்டினாலும் அசையாது.

களுவாஞ்சிக்குடிப் பொடியன்

பலகை எது அண்ணன்? எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் வேண்டாம். கார்த்திகை, மார்கழி மழையில் ஓரம் ஊதி, பெனல் இருக்கிற இடத்தில் இறங்காது. பிளைவூட் எடுத்து, வெட்டிய ஓரங்களுக்கும் துளைகளின் உட்பக்கத்துக்கும் வார்னிஷ் அடியுங்கள். பூட்டுவதற்குப் பெட்டிகளுக்குப் போடுகிற இழுத்து மாட்டும் கொளுக்கி பக்கத்துக்கு ஒன்று. கேபிளை ஒரு முழம் தளர்வாக விட்டால் முதலில் கேபிளை மாட்டி, பிறகு பெனலை இறக்கலாம்.