பறை ரெக்கார்டிங்கில் மாட்டிக்கொண்டோம், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரையில் நாங்கள் ஐந்து பேர், இரண்டு பறை, ஒரு தவில், கிடார், பாட்டு. சொந்தப் பாடல்கள் நான்கைப் பதிவு செய்ய இரண்டு நாள் ஸ்டுடியோ எடுத்தோம், சேர்த்து வைத்த பணம் முழுக்கப் போய்விட்டது, ஒரு பாட்டுகூட முடியவில்லை.

பெரிய தலைவலி பறைதான். வாசலில் தீ மூட்டிக் காய்ச்சி, தோல் விறைத்துக் கணீரென்று பேசும்போது உள்ளே ஓடுகிறோம், ஏசி அறையில் கொஞ்ச நேரத்திலேயே தொய்ந்து சத்தம் மந்தமாகிவிடுகிறது, ஒரு டேக்கை இன்னொன்றோடு ஒட்டவே முடியவில்லை. அப்புறம் கிளிக் டிராக், அதாவது வேகம் மாறாமலிருக்க ஹெட்போனில் ஓடும் டிக் டிக் சத்தம். பறை அடிக்கும் அண்ணன் ஆட்டக்காரர்களின் காலைப் பார்த்தே வேகம் பிடிப்பவர், காதில் டிக் டிக் கேட்டதும் அந்த அற்புதமான கை தயங்குகிறது, பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

இன்னொன்று, பதிவானது 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிக்கிறது என்ற கணக்கு), மிக்ஸிங்கில் 44.1 என்று திறந்திருக்கிறார்கள் போல, பாட்டு மெதுவாகி சுருதி அரைக் கட்டைக்கு மேல் இறங்கிவிட்டது. மூல ஃபைல்கள் கையில் இருக்கின்றன, சரிசெய்துவிடலாம்தானே?

பறையை ஸ்டுடியோவில் பதிவு செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எல்லோரும் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்யும் இடம் மதுரை, திண்டுக்கல் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். மைக் எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள் என்பதையும்.