8 வயசு பொண்ணுக்கு பேச மட்டும் ஒரு ப்ரீபெய்டு போன், எது வாங்கறது?

பனியன்ஊர் அம்மா:

வணக்கங்க எல்லாருக்கும். நாங்க திருப்பூர்ல இருக்கறோம், பொண்ணுக்கு 8 வயசு, மூணாவது படிக்கறா. எனக்கு பனியன் கம்பெனில செக்கிங் வேலை, அவருக்கு லோடு வண்டி. ஷிப்மென்ட் சமயத்துல ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு நான் வீடு வந்து சேர ராத்திரி ஒம்பது ஆயிருதுங்க. பாப்பாவ ஸ்கூல் வேன் சாயங்காலம் நாலரைக்கு எங்க லைன் வீட்டு முக்குல எறக்கி உட்டுரும், வீட்ல எங்க மாமியார் இருக்காங்க ஆனா அவங்களுக்கு காது சரியா கேக்காது, போன் பக்கத்துலயே அடிச்சாலும் தெரியாது. போன வாரம் வேன் வழில நின்னு போயி பாப்பா வர ஆறு மணி ஆயிருச்சு, எனக்கு யாருமே சொல்லல, பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டு புள்ள இன்னும் வரலியேன்னு கேட்டப்ப எனக்கு கையும் ஓடல காலும் ஓடலைங்க.

அதனால பாப்பாவுக்குன்னு ஒரு சின்ன போன் வாங்கி குடுத்துரலாம்னு இருக்கறோம். யூடியூப் கேம் எதுவும் வேண்டாம், அவ எங்களுக்கு பேசணும் நாங்க அவளுக்கு பேசணும் அவ்ளோதான். பட்ஜெட் 2000க்குள்ள. சிம் அவ பேர்ல வாங்க முடியுமா, மாசாமாசம் 200 ரூவா போட்டுட்டே இருக்கணுமா, நெட் வராத மாதிரி பண்ண முடியுமா? அவ கூட படிக்கற பொண்ணு ஒருத்தி சிம் போட்ற வாட்ச் கட்டிட்டு வராளாம், அதையும் கேக்கறா. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கீபேட் கடை, ஈரோடு:

அக்கா, நான் மொபைல் கடை வெச்சிருக்கேன், இந்த கேள்வியோட வர்றவங்க நெறைய பேரு. எல்லாரும் மொதல்ல போனை பாக்கறாங்க, நீங்க மொதல்ல சிம்மை முடிவு பண்ணுங்க, போன் அப்பறம். உங்க வீட்ல, அதுவும் பாப்பா சாயங்காலம் உக்காந்து எழுதற எடத்துல எந்த நெட்வொர்க் நல்லா எடுக்குதுன்னு பாருங்க. லைன் வீடுன்னு சொல்றீங்க, ரெண்டு பக்கமும் சுவரு இருந்து மேல ஷீட்டும் போட்டிருந்தா வாசல்ல ஃபுல் சிக்னல் காட்டும், உள்ள போனா ஒரு கோடுதான் இருக்கும். உங்க போன், அண்ணன் போன், பக்கத்து வீட்டுக்காரங்க போன் எல்லாத்தையும் அதே எடத்துல வெச்சு ஒரு தடவ கூப்பிட்டு பாத்துட்டா தெரிஞ்சிரும்.

இத ஏன் மொதல்ல சொல்றேன்னா, ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கெடையாது. ஆயிரத்தி சொச்சம் ரூவாய்க்கு கெடைக்கற பழைய டைப் 2ஜி பட்டன் போனை வாங்கிட்டு போயி ஜியோ சிம் போட்டா டவரே எடுக்காது, மறுநாள் கடைக்கு சண்டைக்கு வருவாங்க. ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் சிம்மா இருந்தா 2ஜி போன்லயும் பேசலாம். ஆனாலும் இப்ப புதுசா வாங்கறப்ப 4ஜி பட்டன் போனாவே வாங்கிருங்க, நோக்கியா 110 4ஜி மாதிரி, எந்த சிம் வேணாலும் போடலாம், நாளைக்கு நெட்வொர்க் மாத்தினாலும் போனை மாத்த வேண்டியதில்ல. கடைல வைஃபை இல்லாத மாடல்னு கேட்டு வாங்குங்க. ஜியோபாரத்னு ஒண்ணு இருக்கு, 2023ல 999 ரூவாய்க்கு வந்தது, வெல கம்மிதான், ஆனா ஜியோ சிம் மட்டும்தான் வேல செய்யும், சினிமா பாட்டெல்லாம் பாக்கற மாதிரி குடுத்திருக்கான், நீங்க கேக்கறதுக்கு அது ஒத்து வராது.

சிம் பாப்பா பேர்ல வாங்க முடியாதுங்க. 18 வயசு ஆனாதான் சிம் குடுக்கலாம்னு ரூல், ஆதார் இருந்தாலும் நடக்காது. உங்க பேர்லயோ அண்ணன் பேர்லயோதான் எடுக்கணும். ஒரு ஆளு பேர்ல 9 சிம் வரைக்கும் இருக்கலாம், உங்க பேர்ல ஏற்கனவே எத்தன ஓடுதுன்னு கவர்மென்ட்டோட சஞ்சார் சாத்தி சைட்ல உங்க நம்பரையும் ஓடிபியையும் போட்டா காட்டும், உங்களுக்கே தெரியாத நம்பர் ஏதாவது இருந்தா அங்கயே கம்ப்ளைன்ட் குடுத்துரலாம்.

அப்பறம் ரீசார்ஜ். நெட் இல்லாம கால் மட்டும் வர்ற பேக் குடுத்தே ஆகணும்னு, போன் கம்பெனிங்கள கண்காணிக்கற டிராய் அமைப்பு 2024 டிசம்பர்ல உத்தரவு போட்டுச்சு. அதுக்கப்பறம் 2025 ஜனவரில ஏர்டெல்ல 84 நாளைக்கு 469, வருசத்துக்கு 1849னு வந்துச்சு, ஜியோல 84 நாளைக்கு 448, 336 நாளைக்கு 1748. போட்ற அன்னைக்கு ரேட்ட ஒரு தடவ பாத்துக்கங்க, ஏறி எறங்கும். கடைல நெட் பேக்கைத்தான் மொதல்ல காட்டுவாங்க, வாய்ஸ் மட்டும் வேணும்னு நீங்களா கேளுங்க. அதுல டேட்டாவே கெடையாது, அதனால நெட் வராம பண்றது எப்படிங்கற கேள்விக்கும் இதுதான் பதில். நான் சொல்வேன் வருச பேக்கே போட்டுருங்க. 28 நாள் பேக் போட்டா வேல மும்முரத்துல முடிஞ்சது தெரியாம போயிரும், அவசரத்துக்கு புள்ள கூப்பிட்றப்ப கால் போகாது, அப்பறம் போன் இருந்து என்ன பிரயோஜனம்.

---

மதுரை டீச்சர்:

அம்மா உங்க பதிவ படிச்சதும் மனசு பாரமாயிருச்சு. நான் பிரைமரி ஸ்கூல் டீச்சர். ஒண்ணு சொல்லணும்னு தோணுது, மூணாவது படிக்கிற பிள்ளை பையில போனை வச்சு அனுப்பாதீங்க. எங்க ஸ்கூல்ல போன் கொண்டுவரக் கூடாது, பையில இருந்தா வாங்கி வச்சு பெத்தவங்க வந்தாத்தான் குடுப்போம், அனேகமா உங்க ஸ்கூல்லயும் அப்படித்தேன் இருக்கும். அந்த வயசு பிள்ளைங்க தண்ணி பாட்டிலையே வாரத்துக்கு ஒண்ணு தொலைக்குதுங்க.

போனை வீட்டுலயே வைங்க. சார்ஜர் பக்கத்துல ஒரு எடம் பாத்து, முன்னாடி எல்லா வீட்டுலயும் லேண்ட்லைன் இருந்துச்சுல்ல அது மாதிரி, அது அந்த எடத்த விட்டு நகரக் கூடாது. பிள்ளை வேன விட்டு எறங்கி வீட்டுக்குள்ள வந்ததும் மொத வேலையா "அம்மா வந்துட்டேன்"னு உங்களுக்கு ஒரு கால். நாலே முக்கால் ஆகியும் அந்த கால் வரலைன்னா நீங்க உடனே வேனுக்கு அடிக்கணும். அதுக்கு டிரைவர் நம்பர், வேன்ல வர்ற ஆயாம்மா நம்பர், ஸ்கூல் ஆபீஸ் நம்பர் மூணும் உங்க கையில இருக்கணும். 2012ல தமிழ்நாட்டுல ஸ்கூல் வண்டிங்களுக்குன்னு தனியா ரூல்ஸ் போட்டாங்க, அதுப்படி வண்டில பிள்ளைங்கள ஏத்தி எறக்க ஒரு ஆள் கூடவே வரணும். உங்க வேன்ல யாரும் வரலைன்னா ஸ்கூல்ல போய் கண்டிப்பா கேளுங்க, அது உங்க உரிமை. வேன் நின்னு போனதை பெத்தவங்களுக்கு சொல்ல வேண்டியது அவங்க பொறுப்பு, எட்டு வயசு பிள்ளையோட பொறுப்பு இல்ல.

இன்னொண்ணு, உங்க நம்பரையும் அப்பா நம்பரையும் பிள்ளைக்கு மனப்பாடமா சொல்லிக் குடுங்க. போன்ல சேவ் பண்ணிட்டோம்னு விட்டுராதீங்க, போன் இல்லாத எடத்துல நின்னாலும் யார்கிட்டயாவது சொல்லத் தெரியணும்ல. எங்க கிளாஸ்ல வாய்ப்பாடு சொல்ற மாதிரி காலைல பத்து நம்பரையும் சொல்ல வைப்பேன். 1098 குழந்தைங்களுக்கான உதவி நம்பர், 112 போலீஸ் ஆம்புலன்ஸ் எல்லாத்துக்கும், ரெண்டுக்கும் காசு கெடையாது, இதையும் சொல்லிக் குடுங்க.

---

ரெண்டு வாண்டு அப்பா:

வீட்ல பழைய ஸ்மார்ட்போன் சும்மா கெடந்தா அதையே குடுக்கலாமேன்னு யாராவது சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடியே சொல்லிட்றேன். கூகுள் ஃபேமிலி லிங்க்னு இருக்கு, எந்த ஆப் ஓடணும் எவ்ளோ நேரம் ஓடணும்னு நம்ம போன்லேர்ந்தே கன்ட்ரோல் பண்ணலாம், எங்க பெரியவனுக்கு அப்படித்தான் வெச்சிருக்கேன். ஆனா அவனுக்கு 12 வயசு. 8 வயசு கொழந்தைக்கு தெனமும் சார்ஜ் போட்டு, யாரும் பக்கத்துல இல்லாத நேரத்துல கைல குடுத்து, அது சரி வராதுங்க. பட்டன் போனுக்கு ஒரு தடவ சார்ஜ் போட்டா நாலஞ்சு நாள் தாங்கும், கரென்ட் போனாலும் பயம் இல்ல.

வாட்ச் பத்தி கேட்டிருந்தீங்க. அதுக்கும் தனியா சிம் போடணும், தனியா ரீசார்ஜ் பண்ணணும், கூடவே டேட்டாவும் வேணும், ஏன்னா எங்க இருக்கான்னு மேப்ல காட்றது நெட்லதான் ஓடுது. கம்மி விலைல வர்ற நெறைய வாட்ச் 2ஜிதான், ஜியோ சிம் அதுல எடுக்காது. எனக்கு இதுல பெரிய கவலை வேற. கொழந்தைக்கே தெரியாம வாட்சுக்கு கால் போட்டு சுத்தி நடக்கற பேச்சை கேக்கற வசதி சில வாட்ச்ல இருந்துது, ஜெர்மனில 2017லயே அந்த மாதிரி வாட்சை எல்லாம் விக்கக் கூடாதுன்னு தடை பண்ணாங்க. அதே வருஷம் நார்வேல நுகர்வோர் அமைப்பு டெஸ்ட் பண்ணி பாத்ததுல, முன்ன பின்ன தெரியாத ஆளு உள்ள பூந்து கொழந்தை எங்க இருக்குன்னு பாக்க முடியற நிலைமைல சில வாட்ச் இருந்துது. எந்த கம்பெனி, எந்த சர்வர்னே தெரியாத வாட்சை வாங்கி கொழந்தை கைல கட்டறதுக்கு எனக்கு மனசு வரல. பாப்பாகிட்ட நேரம் பாக்கற வாட்ச் ஒண்ணு வாங்கி தரேன்னு சொல்லிடுங்க.

---

நெல்லை அக்கா:

யாரும் சொல்லாத ஒரு விஷயம் சொல்லுதேன். எங்க மவனுக்கு புது சிம் வாங்கி போன்ல போட்டு குடுத்தோம். ரெண்டு நாள்லயே தொடங்கிட்டு, பகல் பூரா யாரோ ஒருத்தன் கூப்பிட்டு ஏதோ ஒரு பேரச் சொல்லி அவர் இருக்காரா, லோன் கட்டலையே, வீட்டுக்கு ஆள் வரும்னு மெரட்டுதான். புள்ளைக்கு ஒண்ணும் புரியல, வீட்டுக்கு போலீஸ் வரும்னு நெனச்சு கதவச் சாத்திட்டு உள்ள உக்காந்திருக்கான். நாங்க வந்து கேட்டதுக்குதான் அழுதுட்டே சொன்னான். முன்னாடி அந்த நம்பர வெச்சிருந்தவன் வாங்கின கடன் அது. ஓடாம கெடக்குற நம்பர கொஞ்ச நாள் கழிச்சு கம்பெனிக்காரன் வேற ஆளுக்கு வித்துருவான், நம்ம கைக்கு வாறப்ப புது நம்பர்னு நெனச்சுக்கிடுதோம், அது நெசத்துல பழைய நம்பர்.

அதனால புது சிம் வாங்குனா மொதல்ல நீங்களே ஒரு மாசம் போல வெச்சிருந்து யார் யார் கூப்பிடுதாங்கன்னு பாத்துட்டு அப்புறமா பிள்ளை கைல குடுங்க. இல்லேன்னா வீட்ல வருஷக்கணக்கா இருக்குற ரெண்டாவது சிம் ஏதாவது இருந்தா அதையே போடுங்க, பேங்க்கு, கேஸு, ஆதாரு எதுலயும் அந்த நம்பர் இருக்கக் கூடாது, அது மட்டும் பாத்துக்கிடுங்க. விளம்பர கால் வராம இருக்க 1909க்கு மெசேஜ் போட்டு டிஎன்டி பண்ணிருங்க. அப்புறம் அந்த நம்பர எந்த கடைலயும், பில் போடுற எடத்துலயும் குடுக்காதீங்க. தெரியாத நம்பர் வந்தா எடுக்கவே வேண்டாம்னு பிள்ளைட்ட சொல்லி வைங்க, அம்மா அப்பா நம்பருக்கு தனி ரிங்டோன் வச்சுட்டா சத்தத்த வெச்சே யாருன்னு கண்டுபிடிச்சிரும்.

---

பனியன்ஊர் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ஒவ்வொருத்தரும் இவ்ளோ விவரமா சொல்லுவீங்கன்னு நெனைக்கவே இல்ல. டீச்சரம்மா சொன்ன மாதிரி போன் வீட்லயேதான் இருக்கப் போகுது, பாப்பா படிக்கற மேசைக்கு மேல ப்ளக் பாயின்ட் இருக்கு, அங்க ஒரு சின்ன தட்டு அடிச்சு வெச்சிரலாம்னு அவரு சொல்லிட்டாரு. வேன்ல ஆயா யாரும் வர்றதில்லைங்க, டிரைவர் மட்டும்தான், நாளைக்கு ஸ்கூல்ல போயி கேக்கறேன், கூட ரெண்டு அம்மாங்க வரேன்னு சொல்லிருக்காங்க. சிக்னல் பாத்துட்டோம், மேசைகிட்ட ஏர்டெல் நல்லா எடுக்குது, அவருகிட்ட ரொம்ப வருசமா ஒரு ஏர்டெல் சிம் லோடு விசயமா பேசறதுக்குன்னு இருந்துச்சு, இப்ப அத யூஸ் பண்றதில்ல, பேங்க்ல எல்லாம் வேற நம்பர். அதையே போட்டு வருச பேக் பண்ணிட்றோம். வாட்ச் வேண்டாம்னு சொன்னதுக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கா, பரவால்ல.

இன்னும் ரெண்டு சந்தேகம். செகண்ட் ஹேண்ட்ல 4ஜி பட்டன் போன் ஒண்ணு 900க்கு தரேன்னு இங்க ஒருத்தர் சொல்றாரு, வாங்கலாமா? அப்பறம் பாப்பாவுக்கு ஒரே பட்டன்ல எனக்கு கால் வர்ற மாதிரி செட் பண்ண முடியுமா?

---

கீபேட் கடை, ஈரோடு:

செகண்ட் ஹேண்ட் வாங்கறதுல தப்பில்லைங்க, ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த போன்ல *#06# அடிங்க, 15 நம்பர்ல ஐஎம்இஐ, அதாவது அந்த போனோட அடையாள நம்பர் காட்டும். மெசேஜ்ல இங்கிலீஷ்ல கேஒய்எம்னு அடிச்சு, ஒரு எடம் விட்டு அந்த 15 நம்பரையும் போட்டு 14422க்கு அனுப்புங்க. பதில்ல அந்த போனோட மாடல் பேரு வரும். பிளாக் ஆனதுன்னோ ஏற்கனவே இன்னொரு போன்ல இருக்குன்னோ வந்தா அத தொடாதீங்க, திருட்டு போனா இருக்கலாம். பேட்டரி உப்பி இருக்கான்னு பின் மூடிய கழட்டி பாத்துருங்க, புள்ள கைல இருக்கப்போற பொருளு.

ஒரே பட்டனுக்கு ஸ்பீட் டயல்னு செட்டிங்ல இருக்கும். 1 பெரும்பாலும் வாய்ஸ் மெயிலுக்கு போயிரும், அதனால 2ல உங்க நம்பர், 3ல அண்ணன் நம்பர், 4ல பக்கத்து வீட்டு அக்கா நம்பர் போடுங்க, பட்டன அமுத்தி புடிச்சா கால் போகும். 5லயும் 9லயும் எதுவும் போடாதீங்க, பட்டன் போன்ல அந்த ரெண்டுல ஒண்ண அமுத்தி புடிச்சா 112க்கு போற மாதிரி இருக்கணும்னு 2016லயே ரூல் போட்டிருக்காங்க. உங்க போன்ல எதுன்னு கடைல கேட்டு பாப்பாகிட்ட காட்டி வெச்சிருங்க, வெளையாட்டுக்கு அமுத்தக் கூடாதுன்னும் சொல்லிருங்க. மேசைல வெச்சிருக்கறப்ப கீபேட் லாக் போட்டே இருக்கட்டும், அத எடுக்கறதுக்கு எந்த ரெண்டு பட்டன்னு புள்ளைக்கு பழக்கி உடுங்க.